வந்தவர்கள் பக்கம்

மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த ஜின் பாட்டில் மேசைமேல் ஏறிவிட்டது. பெண் சரி என்று சொன்னால் மூடியைத் திருகலாம், சம்பந்தம் உறுதி.

அக்பெனெயின் அண்ணன் யாவோ தொண்டையைச் செருமிக்கொண்டார். "காஃபூயி, இவங்க கொண்டாந்ததைத் திறக்கட்டுமாம்மா?"

காஃபூயி துணி நுனியைத் திருகினாள். முதல் தடவை கேட்டதும் எந்தப் பெண்தான் பதில் சொன்னாள் என்று முற்றமே சிரித்தது.

பெண்ணின் அம்மா அக்பெனெ சிரிக்கவில்லை. மகளின் கண் வாசலுக்குப் போய்ப் போய் வந்ததை அவள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

எதிர் வரிசையில் மாப்பிள்ளை செலோர்ம் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். நல்ல பையன். வோல்டா ஏரியில் சொந்தப் படகு ஓட்டுகிறான். சந்தையில் வைத்து அவன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்ததே அக்பெனெதான்.

யாவோ மறுபடி கேட்டார். காஃபூயி தலையைக் குனிந்துகொண்டாள். இந்தத் தடவை சிரிப்பு குறைந்திருந்தது.

அப்போது, திறந்தே கிடந்த வாசற்கதவை யாரோ தட்டினார்கள்.

எலிகெம். இதே வீட்டில் வளர்ந்தவன். விசேஷங்களுக்குப் போர்த்தும் கெண்டே துணியை இரவல் வாங்கித் தோளில் போட்டு, கையில் ஒரு பாட்டிலுடன், அந்நியனைப்போல வெளியே நின்றான்.

காஃபூயியை ஏழு வயதில் தலைநகர் அக்ராவிலிருந்த சின்னம்மா வளர்க்கக் கூட்டிப் போனாள். அதே வருஷம் அக்பெனெயின் மீன்சந்தைச் சிநேகிதி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய மகனை அக்பெனெ அழைத்து வந்து காஃபூயியின் பாயில் படுக்க வைத்தாள். பெற்ற பிள்ளை காஃபூயி. ஆனால் அதிக வருஷம் அம்மா என்று கூப்பிட்டவன் எலிகெம்தான்.

காஃபூயி நர்ஸாகி ஊர் திரும்பிய பிறகுதான் இருவரும் ஒருவரை ஒருவர் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

அவன் தட்டு மீனில் அவள் முள் எடுத்து வைப்பதை அக்பெனெ ஒருநாள் கண்டாள். காணாததுபோல இருந்துவிட்டாள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று பேசப்போகும் ஊர் வாயை நினைத்தால் பயமாக இருந்தது. அதன் பிறகுதான் செலோர்மின் அம்மாவைத் தேடிப் போனாள்.

"டேய், என்ன விளையாட்டு இது?" என்றார் யாவோ. "உள்ள போய் கிளாஸெல்லாம் கழுவி எடுத்துட்டு வா."

"இன்னிக்கு நான் இந்த வீட்டு ஆள் இல்ல மாமா. பொண்ணு கேட்டு வந்திருக்கேன்."

செலோர்மின் அம்மா விசிறியை நிறுத்தினாள்.

யாவோ கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "பொண்ணு கேக்க யாரும் தனியா வர்றதில்லடா. பெத்தவங்க வந்து கேக்கணும். உனக்காகக் கேக்க யாரு இருக்கா?"

எலிகெம் பாட்டிலைக் கை மாற்றிப் பிடித்தான்.

இத்தனை வருஷத்தில் ஒரு கரண்டி குழம்புகூட அவனாகக் கேட்டதில்லை. அக்பெனெக்கு அது இப்போதுதான் உறைத்தது.

காஃபூயி அம்மாவின் விரல்களை இறுக்கிப் பிடித்தாள். அக்பெனெ அந்தப் பிடியிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

எழுந்தாள். பெண்வீட்டு வரிசையை விட்டு, முற்றத்தைக் கடந்து, வாசலுக்குப் போய் எலிகெமின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். வந்தவர்கள் பக்கம் போய் நின்று அண்ணனைப் பார்த்தாள்.

"ஐயா, இந்த வீட்ல ஒரு பூவைப் பார்த்தோம். எங்க பையனுக்குக் கேட்டு வந்திருக்கோம்."

யாவோ, தங்கை எழுந்துபோன இடத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பெண்ணின் அம்மா அந்தப் பக்கம் போய்விட்டால் இந்தப் பக்கம் யாரிடம் கலந்து பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"குடுத்துடுங்க மாமா!" என்றாள் காஃபூயி. அழுகையும் சிரிப்புமாக வந்தது குரல்.

அக்பெனெ உட்கார இடம் தேடினாள். அந்தப் பக்கம் இருந்த நாற்காலிகளிலெல்லாம் செலோர்மின் ஆட்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

தன் அம்மா கையைப் பிடித்து இழுத்தும் செலோர்ம் எழுந்தான். தன் நாற்காலியைத் தூக்கி வந்து அக்பெனெக்குப் பின்னால் போட்டான்.

"உக்காருங்கம்மா. பொண்ணு கேக்க வந்தவங்க நிக்கக் கூடாது."

குரல் உடைந்திருந்தது. ஆனால் மணலில் நாற்காலிக் கால் புதைந்து சாயாமல், அவள் உட்காரும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.