சாமி படத்துக்குப் பின்னால்

அந்த ஆள் கேமராவைப் படுக்கையறைச் சுவர்மேல் மெல்ல ஓட்டினான்.

அவள் கண் சுவரிலிருந்த சாமி படத்தை விட்டு நகரவில்லை.

சூட்டைப் படமெடுக்கும் கேமரா. சூடு சிவப்பாகத் தெரியும், குளிர் நீலமாகத் தெரியும். ஏசி அறைக்குள் வெக்கை எந்த வழியாக வருகிறது, குளிர் எந்த வழியாகப் போகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். கரண்ட் பில்லைப் பார்த்து வயிறெரிந்துபோன அவள் கணவன் சுதாகர்தான் இந்த ஆளைக் கூட்டிவந்திருந்தான்.

ஜன்னல் இடுக்கில் சிவப்பு. கதவடியில் சிவப்பு.

சாமி படத்தைக் கேமரா தாண்டிப் போனது.

அவள் மூச்சு விட்டாள்.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ரூம் இருக்கா சார்?"

"எங்க அப்பா ரூம். அங்க ஏசியே இல்லையே." சுதாகரின் போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் போய்விட்டான்.

அதை அறை என்று சொல்ல ஒரு மனசு வேண்டும். பால்கனியை மூன்று பக்கமும் அடைத்து, மேலே தகரம் போட்டது. வேலூர் வெயிலுக்குத் தகரம் என்ன செய்யும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வயசானவங்களுக்கு ஏசி ஆகாது, சளி கட்டிக்கும் என்பது சுதாகரின் வைத்தியம்.

இடுப்பு எலும்பு முறிந்த நாளிலிருந்து மாமனாருக்கு அந்தக் கட்டில்தான் உலகம். காதும் போய்விட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டால் பதிலில்லை. அவராக எப்போதாவது வாய் திறந்தால்தான் உண்டு. வீடே அவரிடம் கத்திப் பேசப் பழகியிருந்தது.

போன சித்திரையில் அவர் முதுகைத் துடைக்கப் புரட்டினாள். முதுகெல்லாம் வேர்க்குரு.

அன்றைக்கே படுக்கையறைச் சுவரில், பழைய ஏசியின் குழாய் போன ஓட்டையில் அடைத்திருந்த துணியைப் பிடுங்கினாள். ஓட்டைக்கு முன்னால் சாமி படத்தை மாட்டினாள். சாமி படம் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துத்தான் தொங்கும். பின்னால் குளிர் போக அந்த இடம் போதும். வெள்ளிக்கிழமை துடைத்துப் பொட்டு வைக்க அவளைத் தவிர வேறு யார் அதைத் தொடப்போகிறார்கள்?

இப்போது அந்த ஆள் மாமனாரின் கட்டிலருகே நின்று கேமராவைத் தூக்கினான்.

சிவந்துகிடந்த சுவரில் ஒரே ஒரு இடம் நீலம். அங்கிருந்து நீலம் கீழே இறங்கி, தலையணை வரைக்கும் வந்திருந்தது.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். தகரத்தைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான்.

கேமராவை இறக்கிக்கொண்டான்.

"இங்க ஒண்ணும் இல்லன்னு சார்கிட்ட சொல்லிடறேன்க்கா." காற்றோடு காற்றாகத்தான் சொன்னான்.

அவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

"அடைச்சிடு தம்பி."

கட்டிலிலிருந்துதான்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். மாமனார் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் பேசறதெல்லாம் கேக்குது."

குளிர் மட்டும்தான் போகிறது என்று நினைத்திருந்தாள்.

சுதாகர் தினமும் அவரைப் பற்றி ஏதாவது சொல்வான். அது பழகிப்போனது. ஆனால் போன வாரம், போர்வை அலசி, பெட்பேன் கழுவி, கை ஓய்ந்து படுத்தபோது சொன்னது அவள்தான். எல்லாருக்கும் சாவு வருது, இவருக்கு வரமாட்டேங்குதே.

மறுநாள் காலையில் அவள் ஊட்டிய கஞ்சியை அவர் ஒரு வாய் மிச்சம் வைக்காமல் குடித்தார். வாயைத் துடைத்துவிடும்போது, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்று அவர் காதில் கத்தியிருந்தாள்.

அந்த ஆள் ஸ்டூலைப் போட்டு ஏறி, சிமெண்டுப் பசையைக் கரண்டியில் எடுத்தான். "அந்தப் பக்கம் படத்தைக் கழட்டிடுங்கக்கா."

படுக்கையறைக்கு வந்து படத்தைக் கழற்றி மெத்தையில் வைத்தாள். ஓட்டைக்குள் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். ஓட்டைக்கு நேராக வாயைக் கொண்டுபோனாள்.

"மாமா."

அதற்குள் வெளிச்சம் போயிருந்தது.