தானத்துக்கு நின்ற கார்

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி முதலாளி சந்திரசேகர், தரகர் மூலம் ஆசையாய் வாங்கிய ஐம்பதாண்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை, அன்று ஜோதிடருக்குத் தானமாகக் கொடுக்கத் துணிந்துவிட்டார்.

கதவைச் சாத்தினாலும் உள்விளக்கு அணையவில்லை. சித்திரை வெயிலிலும் ஹீட்டர் அனல் கக்கியது. ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கண்மூடிய ஜோதிடர், முந்தைய உரிமையாளர் மாதையன் இறந்து, ஆவியாகக் காருக்குள் அமர்ந்திருப்பதாக அருளினார். காரைத் தம்மிடம் கொடுப்பதே பரிகாரமாம். ஆயிரம் அடி பூமியைத் துளைத்து நீர் காணும் முதலாளி, அதை அப்படியே நம்பினார்.

மனைவி சௌமியாதான் மனம் கேளாமல், தானும் அந்த ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பள்ளிபாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தாள்.

"தொடாதப்பா, மாதையனுக்குக் கோவம் வரும்" என்று எச்சரித்தார் ஜோதிடர்.

"வரத்தானுங்க செய்யும்" என்றபடி குனிந்தார் மெக்கானிக். "ஏனுங்க, வண்டி வந்த அன்னிக்குப் பூசை போட்டீங்களா?"

"ஆமா, ஜோசியர்தான் போட்டாரு" என்றார் சந்திரசேகர்.

"கதவோரச் சுவிட்சுல பூசுன சந்தனம் காஞ்சு இறுகி, சுவிட்சு அமுங்காமக் கெடக்குது. மந்திரக் கயித்த ஹீட்டர் லீவர்ல கட்டுனா, அது எப்படிங்க அணையும்?"

சந்தனத்தைச் சுரண்டினார், கயிற்றை அறுத்து லீவரைத் தள்ளினார், கதவைச் சாத்தினார். விளக்கு அணைந்தது, அனல் நின்றது.

ஜோதிடர் விடவில்லை. "வெளக்கு அணைஞ்சா ஆவி போயிருமா?"

முதலாளி மறுபடியும் பயந்தார். ஜோதிடரிடம் சாவியை நீட்டப் போனவர், அதுவரை கேட்கத் தோன்றாததை மெக்கானிக்கிடம் கேட்டார்.

"இந்த வண்டிய இத்தன தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே, உங்க பேரு என்னங்க?"

"மாதையனுங்க. போன மாசம் இத வித்தது நாந்தானுங்க."