நடுக்கட்டம்

செட்டு உடைந்து வீடிழந்த மூன்று சதுரங்க ராஜாக்களுக்கு ஒரு பலகை கிடைத்தது. தேன்கூடு மாதிரி ஏழே அறுகோணக் கட்டங்கள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு ராஜா நிற்கக் கூடாது என்பது அவர்கள் பரம்பரைச் சட்டம்.

மரராஜா முந்திக்கொண்டு நடுவில் ஏறினார். "நாம் அசல் தேக்கு. இங்கேதான் நிற்போம்!"

"அப்போ நாங்க?" என்று பளிங்கு ராஜா பதறினார். மிச்சமிருந்த ஆறும் மரராஜாவுக்குப் பக்கத்துக் கட்டங்கள்தான். பிளாஸ்டிக் ராஜா அழவே ஆரம்பித்துவிட்டார்.

சர்க்கரைத் துணுக்கோடு, உட்கார்ந்து தின்ன இடம் தேடி வந்த எறும்பு சொன்னது: "நடுவுல நின்னா ஒருத்தர்தான். நடுவை விட்டுட்டு, ஓரத்துல ஒண்ணுவிட்டு ஒண்ணு நின்னா மூணு பேர். வெளியே இன்னொரு சுத்து சேர்ந்து பத்தொன்பது கட்டம் இருந்தா ஏழு பேரே நிக்கலாம்."

மரராஜாவுக்கு மனசே இல்லை. ஆனால் தனியாக நின்றால் யாரிடம் பீற்றிக்கொள்வது? முனகிக்கொண்டே இறங்கினார். ஓரத்தில் நின்று, வேறு எவனும் ஏறிவிடக் கூடாதே என்று நடுக்கட்டத்தையே முறைத்தார். மற்ற இருவரும் அப்படியே முறைத்தார்கள்.

எறும்பு நடுக்கட்டத்தில் ஏறி உட்கார்ந்தது.

"ஏய்!" என்றார்கள் மூவரும்.

"நான் ராஜா இல்லையே."

விரட்டலாமென்றால் நடுவில் கால் வைக்க வேண்டும். வைத்தால் சட்டம் போச்சு. மூன்று ராஜாக்கள் காவல் நிற்க, எறும்பு நிதானமாகச் சாப்பிட்டது.