புதிதாகப் பைப் பிடிப்பவள்

நினைவு மங்கிப்போன தேவசகாயம் ஏழு மாதமாக வாயே திறக்கவில்லை. வாசனைக்காவது திரும்பிப் பார்க்கட்டும் என்று, மனைவி ரோஸ்லின் அவருடைய பழைய பைப்பில் புகையிலையைத் திணித்துப் பற்றவைத்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து இழுத்தாள். இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. அவர் திரும்பினார்.

“புதுசா பிடிக்கிறீங்களா மேடம்? இவ்வளவு இறுக்கித் திணிச்சா எப்படி? மெதுவா இழுங்க. புகையை விழுங்காதீங்க.”

“என்னங்க, நான் ரோஸ்லின்!”

“முடிச்சதும் ஆறவிட்டுத் துடைச்சு வைங்க. சூட்டோட காம்பைக் கழட்டினா விரிசல் விட்டுடும்,” என்றவர் மறுபடி சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

அவள் பைப்பைத் தட்டிக் காலிசெய்தாள். முன்பைவிட இறுக்கமாகத் திணித்தாள். பற்றவைத்து, கண்ணில் நீர் வழிய, புகையை முழுசாக விழுங்கினாள். அவர் முகம் சுவரிலேயே இருந்தது.

“சரியா வரலையே, சார்,” என்றாள். “கொஞ்சம் சொல்லித் தாங்களேன்.”