பேக்கரியில் வாசிப்பு

"தமிழ் வாத்தியார் சிங்களம் படிக்கிறாராம்!"

புத்தூர்ச் சந்தியில் தொடங்கிய கதை, பேக்கரியில் காலைப் பாண் விற்று முடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

சிங்களம் மட்டும்தான் அரச மொழி என்று சட்டம் வந்து, பஸ்ஸில் கண்ட சிங்கள எழுத்துக்கெல்லாம் பொடியள் தார் பூசித் திரிந்த காலம். அந்த நேரம் பார்த்து, பென்சன் எடுத்த பஞ்சலிங்கம் வாத்தியார் தினமும் பின்னேரம் சிங்களவன் பியதாசவின் பேக்கரிக்குப் பின்கதவால் போகிறார். உள்ளேயிருந்து அவருடைய குரலில் சிங்களம் கேட்கிறது.

ழகரம் பிசகினால் பிரம்பால் விளாசிய மனிதர்!

கோயில் முகாமை பார்க்கிற மார்க்கண்டர் கொதித்துப்போனார்.

"உவர் இனிக் கோயிலிலை புராணம் படிக்கப்படாது. சிங்களம் உழக்கின நாக்காலை கந்தபுராணமோ?"

யாரும் எதிர்த்துக் கதைக்கவில்லை. மார்க்கண்டர் சொன்னால் சொன்னதுதான். ஊரில் பெரிய மனிதர். ஒரே மகன் கொழும்பில் உத்தியோகம். இரண்டு வருசமாகத் திருவிழாவுக்கு அவனைக் காணவில்லை. கேட்டால், "லீவு கிடைக்கேல்லை" என்பார்.

வாத்தியாருக்கு மனைவி செத்து ஆறு வருசம். பிள்ளை குட்டி இல்லை. புராணப் படிப்பு நாட்களில்தான் அவர் மனிதரோடு மனிதராக இருப்பார். அவர் ஒரு பாட்டை இராகத்தோடு படிக்க, பக்கத்தில் இருப்பவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்ல, சனம் கேட்டுக்கொண்டிருக்கும். மற்ற நாட்களில் வீட்டில் அவர் இருமினால், 'என்ன செய்யுது?' என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

அந்த ஒன்றும் போய்விட்டது. செய்தியைச் சொன்னபோது, "சரி" என்று மட்டும் சொன்னார். அன்றும் பேக்கரிக்குப் போனார்.

மார்க்கண்டருக்குப் பொறுக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று அடுத்த நாள் தானே போய்ப் பின்கதவைத் தள்ளினார்.

பாண் வேகிற போறணைக்குப் பக்கத்தில் பியதாச மாக் கையோடு குந்தியிருந்தான். எதிரே நீள வாங்கிலில் அமர்ந்து வாத்தியார் ஒரு கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லில் தடக்கினார்.

"அப்பிடிச் சொல் இல்லை ஐயா. வாயைக் கொஞ்சம் இழுக்க வேணும்." பியதாச சொல்லிக் காட்டினான். ஆவுக்கும் ஏயுக்கும் நடுவில் ஏதோ ஒரு சத்தம்.

வாத்தியார் மூன்று தரம் முயன்றார். வரவில்லை. பியதாச சிரித்தான். வாத்தியாரும் சிரித்துவிட்டார்.

"வெக்கமில்லையோ வாத்தியார்?" மார்க்கண்டர் கத்தினார். "இந்த வயசிலை சிங்களம் படிச்சு எந்தக் கந்தோருக்கு வேலைக்குப் போகப் போறியள்?"

வாத்தியார் எழும்பவில்லை.

"எனக்குச் சிங்களம் தெரியாது, மார்க்கண்டண்ணை."

"அப்ப இவ்வளவு நேரமும் வாசிச்சது என்ன, தேவாரமோ?"

"அரிச்சுவடி ஒண்டு வாங்கி எழுத்து மட்டுந்தான் படிச்சனான். எழுதியிருக்கிறபடி சத்தம் போடுவன். ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. கோயிலிலை மாதிரித்தான். நான் படிக்கிறன், இந்தப் பொடியன் பயன் சொல்லுறான்."

"உவனுக்கு வாசிக்கத் தெரியாதோ?"

"தெரியாது ஐயா," என்றான் பியதாச. "பள்ளிக்கூடம் போகேல்லை. முந்தி எங்கடை ஆக்கள் ரெண்டு பேர் இங்கை வேலை. அவங்கள் வாசிச்சுச் சொல்லுவாங்கள். பயந்து ஊருக்குப் போயிட்டாங்கள். அம்மா மாத்தறையிலை. ஆரையாவது பிடிச்சுக் கடிதம் எழுதுவிக்கிறா. அஞ்சு கடிதம் வாசிக்க ஆளில்லாமல் சும்மா கிடந்தது. வாத்தியார் ஐயா நாளுக்குக் கொஞ்சமாய் வாசிக்கிறார்."

"பாண் வாங்க வந்தனான்," என்றார் வாத்தியார். "கடிதத்தை முகத்திலை வைச்சு மணந்து பார்த்துக்கொண்டு இருந்தான். எனக்குப் பார்க்கேலாமல் போச்சு. தனிய இருக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியுமண்ணை. இப்ப இவன்ரை தாய்க்குக் கால்நோவு எண்டும் தெரியும், மாடு கண்டுக்குட்டி போட்டதெண்டும் தெரியும். ஏதோ எங்கடை வீட்டுச் சங்கதி மாதிரிக் கிடக்குது."

மார்க்கண்டரின் குரல் இறங்கியது.

"இதைக் கோயிலிலை சொல்லியிருக்கலாமே?"

"ஆரும் என்னட்டைக் கேக்கேல்லை."

 மார்க்கண்டர் விறுக்கென்று பின்கதவடிக்குப் போனார். சந்தியில் நிற்கிற பொடியளைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்துப் பியதாச சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

மார்க்கண்டர் தெருவை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். உள்ளே நின்றபடி தாழ்ப்பாளைப் போட்டார்.

திரும்பி வந்து, வேட்டி மடியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். பலதரம் மடித்து, வேர்வையில் ஊறி, ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது.

"என்ரை மருமகள் எழுதினது," என்றார். "சிங்களப் பிள்ளை. மகன் அவளைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்த அண்டைக்கு நான் படலையைத் திறக்கேல்லை. பிறகும் மாதம் தவறாமல் எழுதுவான். நான் பதில் போடுறேல்லை. மூண்டு மாதமாய் அவன்ரை எழுத்தைக் காணேல்லை. இது மட்டுந்தான் வந்தது. போய்ப் பார்க்க வீம்பு விடுகுதில்லை. ஆரிட்டையும் காட்டவும் வெக்கம். மனிசிக்கும் தெரியாது."

கடிதத்தை வாத்தியாரிடம் நீட்டினார்.

"வாசியுங்கோ வாத்தியார். என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறானோ எண்டு மட்டும் தம்பி சொல்லட்டும்."