மருந்தில்லாமல் வளர்ந்த கறி

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்ததும் றோலண்ட் சேர் குத்தாட்டம் போட ஆரம்பித்துவிட்டார். அறுபது வயது, முழங்கால் வலி, ஆய்வுகூடத்துக்கே பொறுப்பாளர் என்கிற மரியாதை, எல்லாம் காற்றில் போயிற்று.

"புள்ளைகளா, நெறஞ்சு போயிருக்கு. ஊசி குத்த எடம் இல்ல."

லிந்துலையில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் இருந்தது அந்த ஆய்வுகூடம். கோழியைக் கொல்லாமல், அதன் தசையில் கொஞ்சம் கிள்ளியெடுத்து, அந்த உயிரணுக்களை வளர்த்துக் கறியாக்குவதுதான் அங்கே வேலை. அவை வளர ஒரு வளர்ச்சி மருந்து ஊற்ற வேண்டும். பொல்லாத மருந்து அது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஐஸ் பெட்டியை விட்டு ஒரு நாள் வெளியே இருந்தாலே வீரியம் போய்விடும்.

அந்த மருந்தே வேண்டாம், தனக்கு வேண்டியதை உயிரணு தானே சுரந்துகொள்ளட்டும் என்று இரண்டு வருடமாக அதன் மரபணுவில் கைவைத்துப் போராடியவள் கிருஷாந்தி. இன்றைக்குத்தான் தீர்ப்பு. மருந்தில்லாமல் வளர்ந்திருந்தால் கொழும்பிலிருந்து வருகிற முதலாளிமார் ஆய்வுகூடத்தைத் தொடர்ந்து நடத்துவார்கள். இல்லையென்றால் பூட்டுதான்.

வளர்ந்திருந்தது, அதுவும் எப்படி. பக்கத்துக் கிண்ணத்தில் மரபணு மாற்றாத சாதாரண உயிரணுக்கள் பட்டினியில் சுருண்டு செத்துக் கிடக்க, கிருஷாந்தியுடையவை மட்டும் கிண்ணம் கொள்ளாமல் நின்றன. காவலாளி பிரதாப் சூடான வடைப் பொட்டலத்தோடு மாடிப்படியில் ஓடிவந்தார். சாமான்களுக்குப் பொறுப்பான சுதர்ஷினி, கிருஷாந்தியின் இரண்டு கையையும் பிடித்து, தலை கிறுகிறுக்கச் சுற்றினாள்.

கிருஷாந்தியும் சுற்றினாள், சிரித்தாள். கண் மட்டும் அந்தக் கிண்ணத்தின் பக்கம் போகவேயில்லை.

ஏனென்றால் அந்த மருந்தை அவள் போட்டிருந்தாள். சரஸ்வதி பூசை முடிந்த மறுநாள், உயிரணுக்கள் அசையாமல் மசமசவென்று கிடந்ததைப் பார்த்து அவளுக்குக் கைகால் ஓடவில்லை. அறையில் ஆளில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக இருந்த அந்தக் குட்டிப் போத்தலை எடுத்து, தன்னுடைய கிண்ணத்தில் மட்டும் ஒரு சொட்டு விட்டுவிட்டாள். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

கீழே வாகனம் வந்து நின்றது.

"வந்துட்டாங்க," என்று றோலண்ட் சேர் சட்டைப் பொத்தானைத் தப்புத் தப்பாகப் பூட்டினார். "நீதான் பேசணும் மகளே. நான் பேசுனா அழுதுருவேன்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. "சேர், இது பொய் சேர். நான் மருந்து போட்டுட்டேன்."

"என்னா சொல்ற?"

"பயந்துட்டேன் சேர். எல்லாரு வேலையும் போயிருமேன்னு ஐஸ் பெட்டியில இருந்த போத்தல்லருந்து ஒரு சொட்டு விட்டேன். அவங்ககிட்ட நானே சொல்லிர்றேன். நீங்க தலைகுனிய வேணாம்."

றோலண்ட் சேர் கையில் வடையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவம் மனுஷன், ஆடிய களைப்புக்கூட இன்னும் ஆறவில்லை. மரப்படியில் சப்பாத்துச் சத்தம் ஏறி வந்தது. வருகிறவர்களிடம் என்ன சொல்வதென்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

அந்த நேரம் பார்த்து சுதர்ஷினி களுக்கென்று சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என் மானம் போவுது, ஒனக்குச் சிரிப்பா இருக்காடி?"

"எந்தப் போத்தல்க்கா? இருந்துச்சே ஒன்னே ஒன்னு, அதா?"

"அதுதான்."

"அப்ப ஏச மாட்டோம்னு மொதல்ல ரெண்டு பேரும் சொல்லுங்க."

"சொல்லித் தொலை," என்றார் றோலண்ட் சேர்.

சுதர்ஷினி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பூசை மூணு நாளும் அந்தப் போத்தல் ஐஸ் பெட்டியில இல்ல சேர், சாமி வெளக்குக்கிட்டதான் இருந்துச்சு."