எஸ்டிமேட் தாள்

"பரிசோதனைக் கட்டணம்னு ஒண்ணு எஸ்டிமேட்ல இல்லையே. பில்லுல எப்படி வந்துச்சு?"

பேச்சுப் பயிற்சி மையத்தின் கவுன்டரில் நிறுத்தி நிதானமாகக் கேட்டார் அவர். பக்கத்தில் அவர் மனைவி வாயே திறக்காமல் நின்றிருந்தாள்.

"எல்லாருக்கும் போடறதுதான் சார்," என்றாள் பில் போடும் பெண்.

"எஸ்டிமேட்ல இல்லாததைச் சேர்க்கணும்னா, முன்னாடியே சொல்லி சம்மதம் வாங்குவோம்னு நீங்களே அச்சடிச்சிருக்கீங்க. கீழேர்ந்து மூணாவது வரி."

தாளை வாங்கிப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. மேலாளருக்குப் போன் போட்டுக் கேட்டவள், மறுபேச்சில்லாமல் கட்டணத்தை எடுத்துவிட்டு வேறு பில் போட்டாள்.

"பேஷன்ட் இங்க கையெழுத்துப் போடுங்கம்மா." பேனாவை மனைவியிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக் கையெழுத்திட்டார்.

"பேஷன்ட் நான்தாம்மா. பக்கவாதம் வந்து மூணு மாசம் ஒரு வார்த்தை வரல. தினமும் வாசிச்சுப் பழகுங்கன்னு இவ என் கையில கொடுத்தது இந்த எஸ்டிமேட்டைத்தான்."

பில் போடும் பெண் மனைவியைப் பார்த்தாள். "அப்ப நீங்க ஏம்மா ஒண்ணுமே பேசல?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"இவர் சண்டை போடறதைக் கேட்டு எத்தனை மாசமாச்சு. குறுக்கே பேச மனசு வரலம்மா."